டயோக்ளீஷியனின் காசு: கி.பி. 301-இல் நடந்தது என்ன?

நாணயத்தில் கைவைத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்ட அரசன் யார் என்று கேட்டால் நம்மவர்களுக்கு உடனே துக்ளக் நினைவு வரும். ரோமில் அந்தப் பெயரை வாங்கியவர் டயோக்ளீஷியன். 284 முதல் 305 வரை ஆண்டவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை நிர்ணயித்து, மீறினால் தலை போகும் என்று கல்லில் வெட்டி வைத்தவர். அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்த முடியாது என்று வாதாடுகிறவர்கள் எல்லோரும் சாட்சிக்கு இவரைத்தான் இழுத்து வருவார்கள்.

சாட்சி சரிதான், ஆனால் அது கதையின் பின்பாதி. விலைப்பட்டியலுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு, அதே 301-இல், செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வரும்படி இன்னொரு ஆணை போனது. புழக்கத்தில் இருந்த காசின் மதிப்பு அன்று முதல் இரண்டு மடங்கு என்றது அந்த ஆணை. அதை விட்டுவிட்டு விலைப்பட்டியலை மட்டும் படித்தால் டயோக்ளீஷியன் ஒரு முரட்டு மடையராகத் தெரிவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறொரு ஆள் தெரிகிறார்: கணக்குத் தெரிந்தவர், பாதிக் கணக்கைச் சரியாகவும் போட்டவர்.

அவர் கைக்கு வந்த காசு

ரோமானியர்களின் கணக்கு டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசில் ஓடியது. அகஸ்டஸ் காலத்தில் அது ஏறக்குறைய சுத்த வெள்ளி. கொங்கு நாட்டில் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. 64-இல் நீரோ காசின் எடையையும் மாற்றையும் குறைத்தார். ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு போட்ட இடத்தில் 96 வந்தது. அதற்குப் பிந்தைய வெள்ளிக்காசு நம் பக்கம் அரிது. உரசிப் பார்த்து வாங்குகிற வியாபாரிகள் பழசைக் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கத்தான் தோன்றுகிறது.

அப்புறம் சரிவு. 215-இல் கரகல்லா ஒரு புதுக்காசு போட்டார். முகமதிப்பு இரண்டு டெனாரியஸ். உள்ளே இருந்த வெள்ளி ஒன்றரைக்குத்தான். படையும் போரும் பெருகப் பெருக, வருகிற ஒவ்வொரு பேரரசரும் அந்தக் காசில் இன்னும் கொஞ்சம் வெள்ளியை உருவினார். 260-களின் முடிவில் மிஞ்சியது இரண்டு மூன்று சதவீதம். மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு. 271 வாக்கில் ரோம் நகர நாணயச்சாலைத் தொழிலாளர்களே கலகம் செய்தார்கள். மேலிருந்து கேட்டதைவிடவும் குறைவாக வெள்ளி போட்டு மிச்சத்தை அவர்கள் எடுத்துக்கொண்டதாகப் பேச்சு. 274-இல் ஆரேலியன் வெள்ளியை ஐந்து சதவீதத்துக்குக் கொண்டுவந்து, அதைக் காசிலேயே குறியாகப் பொறித்தும் பார்த்தார். விலைவாசி கேட்கவில்லை.

ஆள் யார்

டயோக்ளீஸ் என்பது அவருடைய பழைய பெயர். 244 வாக்கில் டால்மேஷியாவில், இன்றைய குரோஷியாவின் கடற்கரைப் பகுதியில், எளிய குடும்பத்தில் பிறந்தார். படையில் சேர்ந்து மெய்க்காவல் பிரிவின் தலைவர் வரை உயர்ந்தார். 284-இல் இளம் பேரரசர் நியூமரியன் பாரசீகப் போரிலிருந்து திரும்பும் வழியில், மூடிய பல்லக்குக்குள் பிணமாகக் கிடந்தார். நவம்பர் 20 அன்று நிக்கோமீடியா அருகே (இன்றைய துருக்கியின் இஸ்மித்) படை கூடி டயோக்ளீஸைப் பேரரசராக அறிவித்தது. அவர் வாளை உருவி, தான் குற்றவாளி இல்லை என்று சூரியன் மேல் சத்தியம் செய்தார். பக்கத்தில் நின்ற தளபதி ஏப்பரைக் கொலைகாரன் என்று சொல்லி அங்கேயே வெட்டிச் சாய்த்தார். விசாரணை நடந்திருந்தால் ஏப்பர் என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

அதற்கு முன்னால் ஐம்பது ஆண்டுகளில் வந்த பேரரசர்களில் படுக்கையில் செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இவர் இருபது ஆண்டு தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதிகாரத்தைப் பங்கு போட்டதுதான். 286-இல் மாக்ஸிமியனைச் சக பேரரசராக்கினார். 293-இல் கான்ஸ்டான்டியஸ், கலேரியஸ் இருவரையும் இளையவர்களாகச் சேர்த்தார். ஐம்பது மாகாணங்கள் ஏறக்குறைய நூறாயின. அதிகாரிகள் பெருகினார்கள், படை பெருகியது, நாலு இடத்தில் அரண்மனை எழும்பியது. அரசிடம் வாங்குகிறவர்கள் தொகை வரி கொடுக்கிறவர்கள் தொகையைத் தாண்டிவிட்டது என்று லாக்டான்டியஸ் எழுதினார். அவர் டயோக்ளீஷியனை வெறுத்த கிறிஸ்தவர், அதனால் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். மீதிப் பாதிக்கும் பணம் வேண்டுமே.

புதுக்காசு

தங்கத்தில் தொடங்கினார். 286 வாக்கில், ராத்தலுக்கு 60 தங்கக்காசு என்று எடை நிலைத்தது. சில காசுகளில் 60-ஐக் குறிக்கும் கிரேக்க எழுத்தே பொறித்திருக்கும். 294 வாக்கில் வெள்ளிக்காசு வந்தது. ஆர்கென்டியஸ் என்று நாம் அழைக்கும் இது ராத்தலுக்கு 96, அதாவது நீரோவின் டெனாரியஸ் எடை. மாற்றும் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டது. 96 என்ற எண்ணை ரோமன் எழுத்தில் காசின் முதுகிலேயே போட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பேரரசை எதிர்த்துப் பிரிட்டனில் தனி ஆட்சி நடத்திய கராசியஸ் என்ற கலகக்காரர், இதற்குச் சில ஆண்டுகள் முன்பே நல்ல வெள்ளிக்காசு அடித்துத் தன் படைக்குக் கொடுத்துவிட்டார். முறையான அரசாங்கம் அவருக்குப் பின்னால்தான் வந்தது.

ஆனால் சந்தையில் கைமாறியது தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, நும்மஸ். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பத்து கிராம் எடை, நம் பத்து ரூபாய் நாணயத்தை ஒத்த அகலம். முன்பக்கம் இலைமாலை சூடிய தலை. நால்வரில் யார் பெயர் போட்டிருந்தாலும் முகம் என்னவோ ஒன்றுதான்: தடித்த கழுத்து, ஒட்ட வெட்டிய தாடி, உறுத்துப் பார்க்கும் கண். பின்பக்கம் ரோமானிய மக்களின் காவல் தெய்வம், தலையில் தானியம் அளக்கும் மரக்கால், கையில் வளமைக் கொம்பு. லண்டன் முதல் அந்தியோக்கியா வரை ஒரே படம், ஒரே வாசகம்; அடியில் இருக்கும் சின்ன எழுத்தை வைத்துத்தான் எந்த ஊர் நாணயச்சாலை என்று சொல்ல முடியும். முந்நூறு ஆண்டாகத் தனிக்காசு வைத்திருந்த எகிப்தும் 296 வாக்கில் இந்த வரிசைக்குள் வந்தது. நிர்வாகச் சாதனை என்று பார்த்தால் இதற்கு ஈடு சொல்ல அந்தக் காலத்தில் அதிகம் இல்லை.

அந்த நும்மஸின் உள்ளே என்ன? அதிகம் போனால் நாலு சதவீத வெள்ளி, மிச்சம் செம்பும் ஈயமும் தகரமும். வெளியே மெல்லிய வெள்ளிப் பூச்சு. கைபடப் படப் பூச்சு போய்விடும்.

செப்டம்பர் 1

துருக்கியின் தென்மேற்கில் அஃப்ரோடிசியாஸ் என்ற பழைய ஊர். அங்கே தோண்டியபோது கிடைத்து 1971-இல் வெளியான உடைந்த கல்வெட்டுதான் அந்த முதல் ஆணை. பொதுவாக ஏற்கப்படும் வாசிப்பின்படி, 50 டெனாரியஸாக இருந்த ஆர்கென்டியஸ் 100 ஆனது. பன்னிரண்டரையாக இருந்த நும்மஸ் 25 ஆனது. செப்டம்பர் 1-க்கு முன் வாங்கிய கடனைப் பழைய மதிப்பிலும், அதற்குப் பிறகு வாங்குவதைப் புதிய மதிப்பிலும் தீர்க்க வேண்டும். கடன்காரன் பாதிக் காசில் தப்பிக்காமல் அடைத்துவிட்டார்கள். யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஏன் இரட்டிப்பு? அவர்களுடைய எண்களை வைத்தே கூட்டிப் பார்க்கலாம். அந்த ஆண்டு விலைப்பட்டியலில் சுத்த வெள்ளி ராத்தல் 6,000 டெனாரியஸ். பழைய மதிப்பில் 96 ஆர்கென்டியஸ் சேர்ந்தால் 4,800 தான். காசாக வைத்திருப்பதைவிட உருக்கினால் லாபம். அப்படியானால் அது ஏன் சந்தைக்கு வரப்போகிறது? நூறாக்கியபின் 9,600 வருகிறது, உருக்குகிறவனுக்கு நட்டம். வெள்ளிக்காசு வரை இந்த ஆணைக்கு ஒரு நியாயம் இருந்தது.

நும்மஸுக்கு அந்த நியாயம் இல்லை. ராத்தலுக்கு 32 காசு, தலா 25 என்றால் 800 டெனாரியஸ். அதில் உள்ள வெள்ளி நாலு சதவீதமே என்று வைத்தாலும் 240 தான் வரும். செம்பின் விலையைச் சேர்த்தாலும் பாதியை எட்டாது. ஏற்கெனவே தூக்கலாக இருந்த காசை இன்னும் தூக்கிவிட்டார்கள். அதுவும், கோடிக்கணக்கில் அடித்துப் படைக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த காசை. பேரரசர்களின் பிறந்தநாளுக்கும் பதவியேற்ற நாளுக்கும் வீரர்களுக்குக் கிடைத்த வெகுமதி, அவர்களின் சம்பளத்தைவிடப் பெரிது. அந்தப் பணம் எந்த ஊரில் இறங்குகிறதோ அந்த ஊரில் விலை ஏறும்.

ஏறியது. விலைப்பட்டியலின் முன்னுரையே அதைச் சொல்கிறது. விலை நாலு மடங்கு, எட்டு மடங்கு என்று சொன்னால் போதாது, மனித மொழியில் அதற்குச் சொல்லே இல்லை. ஒரு வீரன் ஒரே ஒரு பொருளை வாங்கும்போது வெகுமதியும் சம்பளமும் சேர்ந்து பறிபோகிறது என்று ஒரே புலம்பல். காரணம் வியாபாரிகளின் பேராசையாம். மூன்று மாதம் முன்பு காசின் மதிப்பை இரட்டித்ததைப் பற்றி அந்த நீண்ட முன்னுரையில் ஒரு வார்த்தை கிடையாது.

பட்டியல்

இருந்தாலும், இவ்வளவு சுவையான அரசாங்க ஆவணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. சாப்பாட்டோடு விவசாயக் கூலி நாளுக்கு 25, அதாவது சரியாக ஒரு நும்மஸ். சாக்கடை சுத்தம் செய்பவருக்கும் அதே 25. தச்சருக்கு 50. உருவப்படம் வரைகிறவருக்கு 150. முடிவெட்ட ஆளுக்கு 2. எழுத்துச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு மாணவன் தலைக்கு மாதம் 50, இலக்கணமும் இலக்கியமும் நடத்துபவருக்கு 200, ஒரு வழக்கை வாதாடும் வழக்கறிஞருக்கு 1,000. பன்றி இறைச்சி ராத்தல் 12, மாட்டிறைச்சி 8. முட்டை ஒன்று ஒரு டெனாரியஸ். கோதுமை, படைக்கு அளக்கும் மரக்கால் ஒன்றுக்கு 100. நம் மேற்குக் கரையிலிருந்து போன மிளகும் பட்டியலில் உண்டு. கடைசியில் ஆப்பிரிக்க ஆண் சிங்கம், முதல் தரம்: 1,50,000. ஊதாச் சாயம் தோய்த்த பட்டு ராத்தலுக்கும் அதே தொகை. நாள் முழுதும் வேலை செய்த கூலி இரண்டு ராத்தல் பன்றி இறைச்சிக்குத்தான் காணும் என்பதைப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது.

கூடுதலாக விற்றவனுக்கு மரணம். ஒத்துப்போய் வாங்கியவனுக்கும் அதே. சரக்கைப் பதுக்கியவனுக்கும் அதே. பதுக்கல் வரும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

தண்டனையைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பேரரசு முழுவதற்கும் ஒரே உச்ச விலை. கோதுமை விளையும் எகிப்திலும், படை முகாமிட்டுத் தின்னும் அந்தியோக்கியாவிலும் மரக்கால் 100. சரக்கைத் தூரத்துக்குக் கொண்டுபோனேன், வண்டிக்கூலி ஆனது என்று சொல்லி உச்ச விலையைத் தாண்டக் கூடாது என்பதையும் ஆணை தெளிவாகச் சொல்கிறது. அதே பட்டியலில் 1,200 ராத்தல் வண்டிப் பாரத்துக்கு மைலுக்கு 20 டெனாரியஸ் கூலியும் இருக்கிறது! விளைகிற இடத்திலேயே விலை உச்சத்தைத் தொட்டுவிட்டால், இருநூறு மைல் ஓட்டிப்போகிற செலவை யார் தருவது? பஞ்சம் வந்த ஊருக்குத்தான் சரக்கு போகாது.

நடந்தது

நிக்கோமீடியாவில் பேச்சுக்கலை கற்பிக்க டயோக்ளீஷியனே வரவழைத்த லாக்டான்டியஸ் அதே ஊரில் இருந்தவர். அற்பப் பொருளுக்கெல்லாம் ரத்தம் சிந்தியது, பயத்தில் எதுவும் விற்பனைக்கு வரவில்லை, விலை இன்னும் ஏறியது, பலர் செத்தபின் தேவையே அந்தச் சட்டத்தைக் கரைத்துவிட்டது என்று எழுதுகிறார். பகையாளியின் சாட்சி. ஆனால் எகிப்தின் பாப்பிரஸ் தாள்களுக்கு யாரோடும் பகை இல்லை. 300-இல் அரசாங்கம் கட்டாயக் கொள்முதலில் தங்கத்துக்குத் தந்த விலை ராத்தலுக்கு 60,000 டெனாரியஸ். 301 பட்டியலில் 72,000. சில ஆண்டுகளில் இன்னொரு பாப்பிரஸில் 1,00,000. கல்வெட்டின் துண்டுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் கிடைத்திருக்கின்றன, ஏறக்குறைய எல்லாம் கிழக்குப் பாதியில். மேற்கை ஆண்டவர்கள் அதைக் கல்லில் வெட்டவே மெனக்கெடவில்லை போலும்.

இன்னொரு பாப்பிரஸ் இதையெல்லாம்விடப் பேசும். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டயோனிசியஸ் என்ற அதிகாரி ஏப்பியோன் என்பவருக்கு எழுதிய கடிதம். இத்தாலியக் காசை அரை நும்மஸாகக் குறைக்க நம் பேரரசர்களின் தெய்விக நல்லூழ் முடிவு செய்திருக்கிறது; ஆகவே உன்னிடம் உள்ள இத்தாலிய வெள்ளியை எல்லாம் உடனே செலவழித்து, என்ன விலை சொன்னாலும் பரவாயில்லை, கிடைக்கிற பொருளை எனக்காக வாங்கு என்கிறார். கூடவே, இதில் ஏதாவது தில்லுமுல்லு செய்தாயோ விடமாட்டேன் என்று ஒரு மிரட்டல். எந்த ஆணைக்கு முன் எழுதியது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அது இங்கே முக்கியமும் இல்லை. காசின் மதிப்பு ஆணையால் மாறுகிற நாட்டில் உள்தகவல் தெரிந்தவன் என்ன செய்வான் என்பது இதில் இருக்கிறது. காசைத் தள்ளிவிட்டுச் சரக்கை எடுப்பான். முன்னுரை திட்டிய பேராசைக்காரர்களில் அரசாங்க அலுவலர்களும் உண்டு.

அரசாங்கமும் அதையேதான் செய்தது. படைக்கான பெரும் வரியை டயோக்ளீஷியன் தானியமாகவும் எண்ணெயாகவும் துணியாகவும் வாங்கினார். நிலத்தையும் ஆளையும் அளந்து அதற்கென்று ஒரு வரிமுறையே வகுத்தார். தங்கமும் வெள்ளியும் வேண்டுமென்றால் நிலக்காரர்களிடம் கட்டாயக் கொள்முதல். அதற்கு விலையாகக் கையில் கொடுத்தது நும்மஸ். தான் அடித்த காசை ஊரார் தலையில் முகமதிப்புக்குக் கட்டிவிட்டு, தனக்கு வரவேண்டியதை மட்டும் பொருளாகவும் தங்கமாகவும் கேட்கிற அரசாங்கத்தின் காசை எவன் நம்புவான்? என் கணிப்பில் இந்தச் சீர்திருத்தம் சறுக்கிய இடம் இதுதான். நும்மஸை முகமதிப்புக்கே வரியாகத் திருப்பி வாங்கியிருந்தால் அதற்கு ஒரு தேவை இருந்திருக்கும். அடித்துவிட்ட காசில் ஒரு பகுதி கஜானாவுக்குத் திரும்பியிருக்கும். வெள்ளியைச் சேர்க்காமலேயே ஓரளவு தாக்குப்பிடித்திருக்கலாம்.

பிறகு

305 மே 1 அன்று, பதவியேற்ற அதே இடத்தில், டயோக்ளீஷியன் தானாகவே பதவி விலகினார். ரோமில் அதற்கு முன் யாரும் செய்யாதது. சொந்த ஊர்ப் பக்கம், இன்றைய ஸ்ப்லிட்டில், கோட்டைபோல் கட்டிய அரண்மனைக்குப் போய்விட்டார். 308-இல் திரும்பி வரச் சொல்லி அழைத்தபோது, என் கையால் நட்ட முட்டைக்கோஸைப் பார்த்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள் என்றாராம். கேட்க இனிமையாக இருக்கிறது. 303-இல் அவர் தொடங்கிவைத்த கிறிஸ்தவர் வேட்டை அப்போதும் கிழக்கில் நடந்துகொண்டுதான் இருந்தது. 311-க்கும் 313-க்கும் இடையில் இறந்தார். மனைவி பிரிஸ்காவையும் மகள் வலேரியாவையும் பின்னால் வந்த பேரரசர் லிசினியஸ் கொன்றார்.

காசு அவருக்கு முன்பே தேயத் தொடங்கிவிட்டது. ஆர்கென்டியஸ் அச்சிடுவது சில ஆண்டுகளில் நின்றுபோனது. பத்து கிராம் நும்மஸ் 313 வாக்கில் மூன்றரை கிராமுக்கு வந்தது. பின்னால் பேரரசு முழுவதையும் ஆண்ட கான்ஸ்டன்டைன் தங்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்: ராத்தலுக்கு 72 என்று சாலிடஸ் அடித்தார், அது பதினோராம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய அதே மாற்றில் ஓடியது. அவர் தோற்கடித்த லிசினியஸின் கஜானா, கோயில் சொத்து, கடைக்காரர்களிடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொன்னும் வெள்ளியுமாகப் பிடுங்கிய வரி, எல்லாம் அதற்குள் போயின. டயோக்ளீஷியனிடமிருந்து அவர் வேறுபட்டது ஒரு விஷயத்தில். செம்புக்காசு இத்தனை சேர்ந்தால் ஒரு தங்கக்காசு என்று ஆணை போட்டுக் கட்டிவைக்கும் வேலையைக் கைவிட்டார். செம்பு போகிற வழியில் போனது. 324-இல் ஒரு ராத்தல் தங்கம் மூன்று லட்சம் டெனாரியஸைத் தாண்டியிருந்தது. நூற்றாண்டின் நடுவில் கணக்கு கோடிகளுக்குப் போய்விட்டது. தங்கத்தில் சம்பளம் வாங்கிய அதிகாரிக்கும் தளபதிக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. செம்பில் கூலி வாங்கியவனுக்கு ஒவ்வோர் ஆண்டும் கூலி கரைந்தது. அந்தக் குட்டிச் செம்புக்காசுகள் மூட்டை மூட்டையாக இலங்கைக்கும், கரூர், மதுரைப் பக்கமும் வந்து சேர்ந்தன. இங்கே அவற்றைச் சில்லறையாகப் புழங்கியிருக்கிறார்கள்.